சொல் தெரிந்தும் வாய் திறவாமை: நெருப்பெரிச்சலிலிருந்து ஒரு மொழிக் கணக்கு

2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் நெருப்பெரிச்சலும் ஒன்று. இப்பகுதியின் பனியன் கம்பெனிகளில் நாள் முழுதும் புழங்கும் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலம். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள், கட்டிங் மாஸ்டர், செக்கிங், பேக்கிங், பீஸ் ரேட், ஷிப்ட். இச்சொற்களைப் பிழையின்றிக் கையாளும் தொழிலாளர்களாலும், அவர்கள் வீட்டில் கல்லூரி வரை சென்ற பிள்ளைகளாலும், வெளிநாட்டு பையரின் பிரதிநிதியிடம் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச இயல்வதில்லை. அதே தையல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒடிசாவோ பீகாரோ சேர்ந்த இளைஞர், ஓரிரு ஆண்டுகளில் அறை வாடகைக்கும் கூலிக்கும் தமிழில் பேரம் பேசிவிடுகிறார். அவரறிந்த தமிழ்ச் சொற்கள் மிகக் குறைவு. நம் மாணவரறிந்த ஆங்கிலச் சொற்கள் அவற்றைப் போல் பல மடங்கு.

‘உனக்கு வொக்காபுலரி போதாது’ என்று நம் மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லப்படும் அறிவுரையை இந்த இரு உண்மைகளையும் அருகருகே வைத்தே நாம் சோதிக்க வேண்டும்.

சொல்லை அறிதல் என்பது ஒரே செயலன்று. கண்டால், கேட்டால் புரிந்துகொள்வது ஒன்று. வேண்டும் நொடியில் நாவில் எடுப்பது வேறொன்று. மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கில நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவை. இவை புரிதலுக்கான எண்ணிக்கைகள். அன்றாட உரையாடலில் ஒருவர் தாமே பேசுவதற்கு இத்தனை சொற்கள் வேண்டியதில்லை. அங்கே தேவைப்படுவது வேகம்: கருத்து, சொல், இலக்கண வடிவம், ஒலி ஆகிய அனைத்தும் கணப்பொழுதில் இணைய வேண்டும். தாய்மொழியில் இது தானாக நிகழ்கிறது. இரண்டாம் மொழியில் ஒவ்வொரு படியிலும் கவனம் செலவாகிறது.

நெதர்லாந்தில் நிவ்யா டி யோங் குழுவினர் டச்சு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்ற பெரியவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக முக்கியமானது. சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய திறன்களை அளந்து, அவற்றைப் பேச்சோடு ஒப்பிட்டார்கள். அசைகளை எவ்வளவு விரைவாக உச்சரிக்கிறார் என்பதில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 50 விழுக்காட்டை அத்திறன்கள் விளக்கின. ஆனால் ஒருவர் இடையில் மௌனமாக நிற்கும் நேரத்தின் நீளம் அத்திறன்களோடு மிகக் குறைவாகவே தொடர்புகொண்டிருந்தது. அதாவது, தயக்கத்தின் நீளத்தை வைத்து ஒருவரின் மொழியறிவை எடைபோட முடியாது.

அந்த ஆய்வு சாதியைப் பற்றியதன்று. ஆனால் இந்திய நேர்காணல் அறைகளில் முதலில் எடைபோடப்படுவது அந்தத் தயக்கம்தானே? அதற்கு ‘தன்னம்பிக்கைக் குறைவு’ என்று பெயரிடுகிறார்கள். வேலைக்கு ஆளெடுக்கும் மேலாளர்களிடம் உரையாடி சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் 2007இல் எழுதிய கட்டுரை, தகுதி பற்றி உரக்கப் பேசும் அவர்களே விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யைத் தவறாமல் கவனிப்பதைப் பதிவுசெய்தது. அதே ஆண்டில் வெளிவந்த எய்ம்ஸ் குறித்த தோரட் குழு அறிக்கையிலும், செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் பாகுபாடு காட்டப்படுவதாகவே பட்டியலின, பழங்குடி மாணவர்களில் பெரும்பான்மையோர் கூறியிருந்தனர். தம்மை மதிக்காதவர் முன் எவருக்கும் நா உலரும். அதற்குச் சொற்பட்டியல் மருந்தாகாது.

சொல்வளம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஒடிசா இளைஞரின் சரளத்துக்கும் எல்லையுண்டு. கடை, அறை, கம்பெனி ஆகியவற்றைத் தாண்டி, இயந்திரத்தில் விரல் நசுங்கியதற்கு இழப்பீடு கேட்கவோ, காவல் நிலையத்தில் புகார் சொல்லவோ நேர்கையில் அந்தத் தமிழ் நின்றுவிடுகிறது. உரிமைகளைப் பேசச் சொற்கள் வேண்டும். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் கோரிக்கைகளை முன்வைத்தபோது சொல்லும் சரளமும் ஒருங்கே இருந்தன. ஆங்கிலத்தின் மீது நம் இயக்கம் கொண்ட பற்று வெறும் மோகமன்று.

சரளம் பேசுவதால் வருகிறது. பேசுவதற்கோ ஆள் வேண்டும். 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. ஆங்கிலம் எல்லாப் பள்ளியிலும் பாடமாக இருக்கிறது. ஆனால் மதிப்பெண்களின் பெரும்பகுதி எழுத்துத் தேர்வுக்கே. பேச்சுக்கான நேரத்தைக் குடும்பமும் நட்பு வட்டமும் தர வேண்டியிருக்கிறது. காலனியிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவிக்கு அந்த வட்டம் எங்கே? நட்பு வட்டங்களே சாதியால் வகுக்கப்படும் நாட்டில், ஆங்கிலத்தில் பேசிப் பழகும் மணிநேரங்களும் சாதிவாரியாகவே பங்கிடப்படுகின்றன. அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையும் உள்ளடக்கியது. அதன் பயனை வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்து அளக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் வாய் திறந்து பேசிய நிமிடங்களை வைத்தே அளக்க வேண்டும் என்று நாம் கோர வேண்டும். தனியார் நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. கணக்குப் பிரிவுக்கு ஆளெடுக்கும்போது குழு விவாதம் எதற்கு? (வாங்கிய சரளத்துக்கு அங்கே என்ன வேலை என்பதை எவரும் சொன்னதில்லை.)

செலவில்லாத பயிற்சி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரே செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடங்களும், அடுத்தவரிடம் மூன்று நிமிடங்களும், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடங்களும் சொல்வது. புதுச் சொல் எதுவும் கற்பிக்கப்படாது. தெரிந்த சொற்களே விரைவாக நாவுக்கு வரும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளிலும் மூவர் சேர்ந்தால் இதைத் தொடங்கிவிடலாம். நெருப்பெரிச்சலில் முதல் தலைப்பு பவர் டேபிளில் பீஸ் ரேட் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதாக இருக்கட்டும். பெயர்ச்சொற்கள் அனைத்தும் கைவசம் உள்ளன; வினைச்சொற்கள் மட்டுமே சேர வேண்டும்.