அடுப்பங்கரையில் நரை கருக்காது

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை), வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆட்கள் என்று எல்லாவற்றையும் சொல்கிறது. கடுக்காய் மருந்துகளைக்கூடப் படிக்கணக்கில் அளந்து பதித்திருக்கிறார்கள்.

‘நம் முன்னோர் வைத்தியம்’ என்று இன்று தலையில் அப்பிக்கொள்வதில் அந்த அளவும் நிதானமும் எங்கே? பீட்ரூட், காபித்தூள், கருவேப்பிலை என்று கைக்குக் கிடைத்ததை மிக்சியில் அடித்துப் பூசினால் நரை கருத்துவிடும், சமையல் பொருள்தானே, கெடுதலும் வராது என்கிறார்கள். இரண்டுமே பொய்.

முடிக்கு நிறம் தரும் மெலனின் வேர்க்காலில்தான் ஊறுகிறது. வெளியே வளர்ந்துவிட்ட முடி உயிரற்ற இழை. மேலே எதைப் பூசினாலும் அதற்குள் மெலனின் ஊறாது. பீட்ரூட் சிவப்பு ஓரிரு குளியலில் போய்விடும்.

இரும்புக் கடாயில் டீ டிகாஷனும் மருதாணிப் பொடியும் குழைத்து இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள். காலையில் விழுது மை போலக் கருத்திருக்கும். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்த கருமை அது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வித்தை. கடாயின் கருப்பைப் பார்த்து முடியும் அப்படியே ஆகும் என்று நம்புவதுதான் பிழை. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும், ஆனால் தருவது செம்பட்டை நிறம். அதன்மேல் அவுரி போட்டால்தான் கருமை. அவுரி சமையலறையில் இல்லை, அது சாயப்பயிர்.

கெடுதல் இல்லை என்பது இன்னும் மோசம். விழுதில் பிழியும் எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைக்கு மருதாணி பூசினால் ரத்தச் சிவப்பணுக்களே சிதையலாம்.

வீட்டு விழுது ஏமாற்றியதும் பலர் தேடுவது ‘கருப்பு மருதாணி’ பாக்கெட். சீக்கிரம் கருப்பாக்குபவை பலவற்றில் பாரா-பினிலின்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒவ்வாதவர்களுக்கு முகமும் கண்ணிமையும் வீங்கிவிடும்.

பள்ளிப் பிள்ளைக்கு நரை கண்டால் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். பி12, தைராய்டு அளவைப் பார்க்க மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாயம் பூசியே ஆகவேண்டும் என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். காதுக்குப் பின்னால் துளி தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் வையுங்கள்.