பழைய ஃபைல்களைத் திறந்து பாருங்கள்

ஸ்ரீரங்கத்தில் என் வயதுக்காரர்கள் பலரிடம் குடும்ப வரலாறு, ஊர்க்கதை என்று பழைய கம்ப்யூட்டரில் அடித்த ஃபைல்கள் உண்டு. வெளியூர்ப் பிள்ளைக்கு ஈமெயிலில் அனுப்பினால், அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கிறது. ஃபைல் கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்தக் கணக்கும் வேறு! 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் பழைய மின்நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது. இன்று அவற்றைக் கைப்பேசியிலேயே படிக்கிறோம்.

பிடிஎஃப் போதுமே என்கிறார் திருச்சியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் நண்பர். கண்ணால் படிக்கப் போதும். தாத்தா பெயரைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் மறுபடி அதே குப்பை.

எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு வரிவரியாகப் பார்க்க வேண்டும்; கொம்பும் காலும் சில இடங்களில் பிசகியிருக்கும். எந்த எழுத்துருவில் அடித்தது, இது எந்த ஊர்ப்பெயர் என்று கேட்டால் சொல்ல எழுதியவர் இருக்க வேண்டுமே. பேரன் பார்த்துக்கொள்வான் என்று தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை.