மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா? இணையத்தில் தீர்ப்பு தேடுறவங்க எங்கே ஏமாறுறாங்க?

அப்பா 2003-ல் இறந்துட்டார். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து அப்படியே கிடக்கு. மகளுக்குப் பங்கு உண்டா? இந்தக் கேள்வியோடு மொபைலில் தேடும் ஒருவருக்கு, பிரகாஷ் - பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் அளித்த தீர்ப்பு முதலில் கண்ணில் படலாம். இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிறது அது. 'அப்போ நமக்கு ஒண்ணும் கிடையாது' என்று அவர் விட்டுவிடுவார்.

ஆனால், அந்தத் தீர்ப்பு இப்போ செல்லாது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. மகளின் உரிமை பிறப்பிலேயே வருகிறது, அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமே இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே விற்ற, அல்லது பத்திரம் பதிந்து பாகம் பிரித்த சொத்தை இது தொடாது.

ரெண்டு தீர்ப்புமே இலவசமாகக் கிடைக்கும். அதுதான் வசதி, சிக்கலும் அதுதான். 2008 முதல் இயங்கும் 'இந்தியன் கானூன்' தளம், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்', மத்திய அரசின் 'இந்தியா கோட்' என எதற்கும் கட்டணம் இல்லை. தீர்ப்புகளை வெளியிடுவது காப்புரிமை மீறல் ஆகாது என்று 1957 சட்டமே சொல்கிறது.

அப்போ வக்கீல்கள் ஏன் பணம் கட்டி வேறு தளம் வாங்குறாங்க? ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கா என்பதை அவை குறித்துக் காட்டும். இலவசத் தளத்தில் அந்த வேலையை நாமதான் செய்யணும். இந்தியன் கானூனில் 'சைட்டட் பை' பட்டியலைத் திறந்து, பிறகு வந்த வழக்குகளில் அந்தத் தீர்ப்பைப் பற்றி என்ன சொல்லியிருக்காங்கன்னு படிக்கணும். எத்தனை நீதிபதிகள் அமர்வு என்பதையும் பார்க்கணும். 2015 தீர்ப்பு இரண்டு பேர் அமர்வு, 2020 தீர்ப்பு மூன்று பேர்.

ஏஐ-யிடம் கேட்டால் போதாதா? 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டியதால் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மாட்டியது வக்கீல்களே!

படிச்சும் புரியலைன்னா 15100-க்கு போன் பண்ணலாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும்.