கூட யாரு?

திருவண்ணாமலையில் மூன்று லாட்ஜ்களில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. ஏ.ஸி வேணுமா, வேண்டாமா என்றுகூடக் கேட்கவில்லை. ‘‘கூட யாரு?’’

‘‘யாரும் இல்லை. நான் மட்டும்தான்.’’

‘‘ஸாரி மேடம், சிங்கிளுக்கு ரூம் கிடையாது.’’

எனக்கு வயது ஐம்பத்து நாலு. ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் தூங்க முடியாத ஆள். கையில் ஆதார் கார்டு, பையில் பணம். இதைவிட சாதுவான ஒரு பிராணி அந்த ஊருக்கு அன்றைக்கு வந்திருக்க முடியாது. ஆனாலும் ரூம் இல்லை!

நான் ஏன் தனியானேன் என்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் பதினோரு பேர், ஒரு வேன், ஒன்பது நாள் கோயில் டூர். கும்பகோணம், மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் சுற்றிவிட்டு எட்டாம் நாள் திருவண்ணாமலை. ‘‘ரெண்டு மணி நேரம்தான். ஆறு மணிக்கு எல்லாரும் வண்டியில இருக்கணும்’’ என்று அத்தான் அறிவித்தார். எல்லா ஊரிலும் இதே அறிவிப்புதான். ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிஷம். அன்றைக்கே, வழியில் பரோட்டாவுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

கோபுரத்துக்குப் பின்னால் மலை தெரிந்தது. இதைச் சுற்றி நடக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று தோன்றியது. சொன்னேன். ‘‘தனியாவா? பௌர்ணமிகூட இல்லையே! நாலு பேர் என்ன சொல்லுவாங்க?’’ என்றாள் பெரியம்மா பெண். அந்த நாலு பேரில் மூன்று பேர் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சண்டை எல்லாம் இல்லை. பையை இறக்கிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. அடுத்து எங்கே போவது, எப்போது காபி குடிப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது புரிய எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் லாட்ஜ் படலம்.

மூன்றாவது லாட்ஜ் மேனேஜர் கொஞ்சம் மனசு விட்டுப் பேசினார். ‘‘தனியா வர்றவங்க ஏதாவது பண்ணிக்கிட்டா போலீஸ், கேஸுன்னு நாங்கதானேம்மா அலையணும்?’’ அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். கூட யாரும் இல்லை. ‘‘அவங்க?’’ என்றேன். ‘‘அவங்க ஃபாரினர் மேடம். தியானத்துக்கு வந்திருக்காங்க.’’

அவங்க தனியா வந்தா தியானம், நான் தனியா வந்தா தற்கொலையா?

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? நம் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடை, உணவகம், ஹோட்டலுக்குள் வரக் கூடாது என்று தடுக்கக் கூடாது என்கிறது. 19-வது பிரிவு, நாடு முழுக்கத் தடையில்லாமல் போய்வரும் உரிமையைத் தருகிறது. கணவரோடு, அண்ணனோடு, குடும்பத்தோடு என்று அதில் எந்த நிபந்தனையும் இல்லை. 1950-லிருந்து இதுதான் சட்டம். லாட்ஜ் கவுன்ட்டருக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

சட்டத்தை விடுங்கள். இது எந்த ஊர் என்று யோசித்துப் பாருங்கள்!

1896, ஆகஸ்ட் 29. பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கையெழுத்து இல்லாத ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, மதுரையிலிருந்து தனியாகக் கிளம்பினான். திண்டிவனத்துக்கு டிக்கெட். விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்று சொன்னவர் ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி. காசு தீர்ந்து நடந்தபோது, கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். தங்கக் கடுக்கனை வைத்துக்கொண்டு நாலு ரூபாய் கொடுத்தார்கள். செப்டம்பர் 1-ம் தேதி காலை அவன் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தான். அவன்தான் ரமண மகரிஷி. பிள்ளைகள் வீட்டை விட்டு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனியாக வந்த ஒருத்தனை அன்றைக்கு ஜனங்கள் எப்படி நடத்தினார்கள் என்று மட்டும் பாருங்கள். இன்றைக்கு அதே பையன் வந்தால், லக்கேஜ்கூட இல்லாத அவனுக்கு எந்த லாட்ஜில் இடம்?

‘அவர் ஆம்பளை’ என்பீர்கள். சரி, தல புராணத்துக்கே போவோம். சிவனைப் பிரிந்து வந்து பவழக்குன்றில் தவம் இருந்து, மலையை வலம் வந்து இடப்பாகம் வாங்கியது யார்? பார்வதி. கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் வெளியே வரும்போது ‘அரோகரா’ என்று கண்ணீர் விடுகிறோமே, அது அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பரிசு. காரைக்கால் அம்மையார் கயிலைக்குப் போனபோதும் ‘கூட யாரு?’ என்று சிவன் கேட்கவில்லை. ‘அம்மையே’ என்றார். கும்பிடுவதெல்லாம் தனியாகப் போன பெண்களை. நம் வீட்டுப் பெண் தனியாகக் கிளம்பினால் மட்டும், ஊர்சுற்றி! ஏ.கே.செட்டியாருக்கு ‘உலகம் சுற்றிய தமிழன்’ பட்டம் கொடுத்தோம். உலகம் சுற்றிய தமிழச்சிக்கு என்ன பட்டம் கொடுப்போம் என்பது உங்களுக்கே தெரியும்.

‘பாதுகாப்பு?’ நியாயமான கேள்வி. ஆபத்தே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சில் இதே மலையில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடந்தது. கைதானது யார்? வழிகாட்டியாகக் கூடப் போனவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஆள்தான். துணை என்றாலே பாதுகாப்பு என்று யார் சொன்னது? அப்படியே ஆபத்து என்று வைத்துக்கொண்டாலும், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண்ணை ரூம் தராமல் தெருவில் நிறுத்துவது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

கடைசியில், ஒரு சின்ன சந்தில், வீட்டு மாடியை வாடகைக்கு விடும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். ஆதாரைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். ‘‘சாப்ட்டியாம்மா?’’ என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் மூன்று லாட்ஜையும் மறந்தேன்.

காலை நாலு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். பதினாலு கிலோமீட்டர். நிருதி லிங்கம் தாண்டும்போது விடிந்தது. வலித்த இடத்தில் உட்கார்ந்தேன். பிடித்த இடத்தில் நின்றேன். முடிக்கும்போது மணி ஒன்பது. எட்டு நாளில் பார்த்த கோயில்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. இந்த ஐந்து மணி நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

லாட்ஜ்காரர்களே, அடையாள அட்டை கேளுங்கள், அட்வான்ஸ் கேளுங்கள், அவசரத்துக்கு வீட்டு போன் நம்பர் கேளுங்கள். தருகிறோம். துணையைக் கேட்காதீர்கள். தனியாகக் கிளம்பும் பெண்களே, ‘சிங்கிளுக்கு ரூம் இல்லை’ என்றால், ‘அதைக் கொஞ்சம் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். மூன்றாவது லாட்ஜில் நான் கேட்டேன். மேனேஜர் பேனாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எழுதிக் கொடுக்க முடியாத விதியை எதற்கு ஸார் வைத்திருக்கிறீர்கள்?