தேரை ஓட்டுகிறவர் யார்?



பங்குனி நெருங்குகிறது. தேர், தீமிதி, காவடி என்று வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு வருவார்கள். பணம் கொடுக்குமுன் சற்று யோசித்துப் பாருங்கள்.

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். தியாகேசர் கிருபையால் ஓடுகிறதாம்! அப்படியானால் பின்னால் நின்று தள்ளுவதற்குப் புல்டோசர் எதற்கு? நிறுத்துவதற்குத் திருச்சி பெல் ஆலையின் ஹைட்ராலிக் பிரேக் எதற்கு? ஓட்டுகிறவனும் மனிதன், நிறுத்துகிறவனும் மனிதன். தீபாராதனையும் மரியாதையும் மட்டும் சாமிக்கா?

அங்கேயாவது எஞ்சினீயர் இருக்கிறார். சிற்றூர்களின் கதி என்ன? 27-4-2022 விடியுமுன், தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிற்று. சிறுவர் உட்பட 11 பேர் மாண்டனர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் மிதந்தார் என்று புராணம் அளக்கிறதே, அந்த அப்பர் தம் தேரைத் தொட்டவர்களைக் காத்தாரா? மின்சாரத்துக்குப் பக்தன், நாஸ்திகன் என்ற பேதமில்லை. இதை விதி என்று சொல்வது, அடுத்த ஊரிலும் பிணம் விழட்டும் என்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, வசூலுக்கு வருகிறவர்களைக் கேளுங்கள்: தேரின் உயரம் எத்தனை அடி? கம்பியின் உயரம் எத்தனை அடி? மின்சாரத்தை நிறுத்தச் சொல்லியாயிற்றா? பதில் இல்லையேல் காசும் இல்லை என்று கூறுங்கள். அந்தக் காசில் ஊருக்கொரு வாசகசாலை வையுங்கள். புத்தகம் படித்து எவரும் செத்ததில்லை!