பதிவேட்டில் நின்ற வரி

நாமறிந்த ஒரு பெரியவர் மகளுக்குச் சீதனம் எழுத முனைந்தார். காணிப் பதிவகத்திலே தேடிப்பார்த்த நொத்தாரிசு, அக்காணியை வேறொருவருக்கு விற்பதாக இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் எழுதிய உடன்படிக்கையொன்று பதிவில் நிற்கக் கண்டார். விற்பனை நிகழவில்லை, முற்பணமும் அக்காலத்திலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. பற்றுச்சீட்டுக்கூடப் பெட்டகத்தில் இருந்தது! பதிவேடு பெட்டகத்தைத் திறந்து பார்ப்பதில்லையே.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். அது பதியப்பட்டதும் காணிக்குரிய ஏட்டில் ஒரு வரி ஏறுகிறது. அவ்வரியை எவரும் அழிப்பதில்லை. இரு திறத்தாரும் ஒப்பமிட்ட இரத்து உறுதியை அதே ஏட்டிற் பதிவித்தாலே அதன் வலு ஒழிந்தமை வெளிப்படும். ஆதலின், பணம் திருப்பும் நாளிலேயே, அந்த மேசையிலேயே இரத்து உறுதியையும் முடித்துவிடுமாறு வாசகரை வேண்டுகிறோம். பதிந்த பின் ஏட்டின் பிரதியொன்றையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

நம் பெரியவர் நிலையோ வேறு. வாங்கவிருந்தவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூவரும் மூன்று தேசங்களில். அவர்களின் அற்றோணித் தத்துவங்கள் வந்துசேர எட்டு மாதங்கள் சென்றன. கலியாணம் மட்டும் குறித்த நாளில் நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டார் பொறுமைசாலிகள்.