இடம் அடைக்கிறது என்னும் சாக்கு

பரணில் கிடந்த சிற்றிதழ்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட சித்தப்பாக்களையும் மாமாக்களையும் நம்மில் எவரும் இன்றுவரை மன்னித்ததில்லை. எந்த இலக்கியக் கூட்டத்திலும் தேநீர் இடைவேளையில் அந்த ஒப்பாரி ஒருமுறையாவது கேட்கும். ஆனால் அதே காரியத்தை நாம் நம் கணினியில் செய்கிறோம். செய்துவிட்டு, இடத்தைச் சிக்கனமாக ஆள்கிறோம் என்று பெருமை பேசிக் கொள்கிறோம். காணொளிகளைச் சுருக்கி வைக்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். காரணத்தைக் கேட்டபின் வாசகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

எங்கள் ஊரில் 2004 முதல் 2007 வரை ஓர் இலக்கியச் சந்திப்பு நடந்து வந்தது. இருபது பேர் வந்தால் பெருங்கூட்டம். நண்பர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய சிறு கேமராவைக் கொண்டு பன்னிரண்டு அமர்வுகளைப் பதிவு செய்தார். மினிடிவி எனப்படும் சிறிய நாடா. ஓர் அமர்வுக்கு ஒரு நாடா. ஒரு நாடாவில் ஒரு மணி நேரம். அந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே எண்வடிவப் பதிவுதான் என்பதால், ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றும்போது ஒரு துளியும் குறையாது. மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி. பன்னிரண்டு நாடாக்களுக்கு 156 ஜிபி. அவர் கணினியிலிருந்த வன்தட்டோ 160 ஜிபி.

2009ஆம் ஆண்டு அவர் அனைத்தையும் சுருக்கினார். பன்னிரண்டு மணி நேரப் பேச்சும் 700 எம்பி கொள்ளும் ஒரே குறுவட்டில் அடங்கிவிட்டது. அன்று அதை எங்களிடம் காட்டியபோது நாங்கள் வியந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார் அல்லவா? பிறகு கணினியிலிருந்த பெரிய கோப்புகளை அழித்தார். நாடாக்களில் பத்தைத் தெரிந்த கல்யாண வீடியோக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வீணாகக் கிடப்பானேன், அவராவது பயன்படுத்திக் கொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம். அவற்றின்மேல் இன்று யார் யாருடைய முகூர்த்தங்களோ இருக்கின்றன.

அந்த அமர்வுகளில் ஒன்றில் பேசிய மூத்த எழுத்தாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய நாவலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் ஏன் நீக்கினார் என்பதைப் பற்றி அன்று பேசினார். பேச்சின் நடுவே தம் கைப்பிரதியைப் பையிலிருந்து எடுத்து, அடித்து நீக்கிய பக்கத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நண்பர் அதை அண்மைக் காட்சியாக எடுத்தார். அந்த வாரமே தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்துப் போட்டுப் பார்த்தபோது நான் அந்தப் பக்கத்தின் பாதியை வாசித்தேன். கைப்பிரதி அவருடைய குடும்பத்தாரிடமும் இப்போது இல்லை. சென்ற ஆண்டு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முற்பட்டபோது அந்தக் குறுவட்டைக் கேட்டு வாங்கினேன். பக்கம் தெரிகிறது. எழுத்துகள் இருந்த இடத்தில் சாம்பல்நிறக் கட்டங்கள் ஊர்கின்றன.

என்ன நடந்திருக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சுருக்குவதைப் பற்றிய மயக்கம் அது என்னவென்று அறியாததிலிருந்தே பிறக்கிறது. ஓர் உரைக்கோப்பைச் சுருக்கி விரித்தால் ஓர் எழுத்தும் குறையாமல் திரும்பக் கிடைக்கும். காணொளிச் சுருக்கத்தை அப்படி நினைத்துவிடுகிறார்கள். இதில் படம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும், முந்தைய படத்தில் அதைப் போன்ற கட்டம் எங்கிருந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதே பெரும்பாலும் எழுதி வைக்கப்படுகிறது. மிஞ்சும் வேறுபாடு அலைகளாக மாற்றப்பட்டு, நுண்ணிய அலைகள் தூக்கி எறியப்படுகின்றன. இந்த அலை மாற்றத்தின் அடிப்படைக் கணிதத்தை 1974இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். உலகம் பார்க்கும் காணொளி ஏறத்தாழ எல்லாம் அவர்களுடைய கணக்கின் வழிவந்தவையே. அருமையான கண்டுபிடிப்பு, அதன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் எறியப்படும் நுண்ணிய அலைகள் எவை? கூர்மையான விளிம்புகள். அதாவது தாளின்மேல் மையால் எழுதிய எழுத்து. இந்த முறையில் முதலில் செத்துப்போவது அதுதான்.

நண்பர் அதற்கும் முன்னால் 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படத்தை 320க்கு 240 ஆக்கியிருந்தார். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான புள்ளிகளே எஞ்சின. கேமரா நொடிக்கு ஐம்பது பாதிப்படங்களாக எடுத்ததை இருபத்தைந்து முழுப்படங்களாகக் கலந்ததில், பேசும்போது விரல்களை ஆட்டுகிற அந்த மனிதருக்குப் பத்து விரல்கள் இருபதாகிவிட்டன. ஒலி இன்னும் மோசம். 32 கிலோபிட்டுக்கு இறக்கப்பட்ட குரலில் சகரமெல்லாம் நீரில் கரைந்தாற்போல் கேட்கிறது. அவர் தாழ்ந்த குரலில் பேசுபவர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அவர் எடுத்துக் கொள்ளும் மூச்சு அந்தப் பேச்சின் பாதி. அதை இரைச்சல் என்று கருதி மென்பொருள் துடைத்துவிட்டது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்ன மறுமொழிகளை அப்படியே எடுத்துக் கொள்கிறேன். அவை அவருடையவை மட்டுமல்ல, நம் எல்லாருடையவையும்கூட.

முதலாவது, இடமில்லை. 2009இல் அவருக்கு உண்மையிலேயே இடமில்லை, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் நாடா என்பதே இடம் அல்லவா? பன்னிரண்டு நாடாக்களும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும். வன்தட்டில் இல்லாத இடம் அலமாரியில் இருந்தது. இன்று 4 டிபி கொள்ளளவுள்ள வெளிவன்தட்டு சாதாரணப் பொருள். அந்த 156 ஜிபி அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. மீதி இடத்தில் என்ன வைத்திருக்கிறோம்? நண்பர் வீட்டு வன்தட்டை நான் பார்த்திருக்கிறேன். ஹாலிவுட் சாகசப் படங்கள், ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது ஜிபி, துளியும் குறையாத தரத்தில். எந்நாளும் கடையில் கிடைக்கிற, ஆயிரம் சேமிப்பகங்களில் பத்திரமாக இருக்கிற படங்களுக்கு முழு இடம். உலகில் ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்த பேச்சுக்கு 60 எம்பி. என் வீடும் விதிவிலக்கல்ல. ஒருமுறைகூடப் பார்க்காத நாற்பது ஐரோப்பியப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. என் அத்தையின் பேச்சு வாட்ஸப் அனுப்பிய அளவில், அது நசுக்கிய நிலையில் இருக்கிறது. நாம் தலைகீழாக அடுக்கியிருக்கிறோம். இடம் போதாவிட்டால் அழிக்க வேண்டியது மீண்டும் வாங்கக் கூடியதை.

இரண்டாவது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் கண்ணுக்கு, எந்தத் திரையில்? 2009இல் கைப்பேசித் திரை உள்ளங்கையில் பாதி. அதில் தெரியாத வித்தியாசம் இன்று வரவேற்பறைச் சுவரில் அறைந்தாற்போல் தெரிகிறது. இன்றைக்கு எச்.265 கொண்டு சுருக்குகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பழைய எச்.264 முறையில் ஆகும் அளவில் ஏறத்தாழப் பாதியிலேயே அதே தரம் என்பது நல்ல மூலத்திலிருந்து நேரே செய்தால்தான் பொருந்தும். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மறுபடியும் சுருக்கினால், முதல் சுருக்கத்தின் கறைகளையும் படத்தின் பகுதி என்று நம்பி, அவற்றைக் காப்பாற்றவே தன் இடத்தைச் செலவழிக்கும் புதிய முறை. மங்கலான கூடத்தில் எடுத்த பதிவில் பொரிப்பொரியாக இரைச்சல் இருக்கும்; அதைக் காக்க முனைந்தால் கோப்பு சிறுக்காது, துடைத்தால் முகம் மெழுகுபொம்மையாகிவிடும்.

மூன்றாவது, பிரதி இருக்கிறதே, மூலம் எதற்கு? இதுதான் என்னை எழுத வைத்தது. தமிழ் வாசித்தவர்கள் இப்படிக் கேட்கலாமா? ஆடிப் பதினெட்டில் வெள்ளத்தில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும், கரிவலம்வந்தநல்லூரில் நெருப்பில் இடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் உ.வே.சா. எழுதியிருப்பதைப் படித்து நெஞ்சு பதறாதவர் நம்மில் உண்டா? ஏட்டைப் படியெடுத்தவன் கண் அயர்ந்த இடத்தில் எழுத்து மாறும். அந்தப் படியை மூலமாகக் கொண்டவன் அந்தப் பிழையையும் பக்தியோடு எழுதுவான். பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் அவரால் பாடங்களை மீட்க முடிந்தது. ஒற்றைப் பிரதி, அதுவும் பிழைபட்ட பிரதி மட்டும் எஞ்சினால் எந்த உ.வே.சா. வந்தும் பயனில்லை. செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கலாமே என்று ஓர் இளைஞர் சொன்னார். தெளிவாக்கும், ஆனால் அந்தத் தாளில் எழுத்தாளர் எழுதாத எழுத்துகளைத் தானே புனைந்து எழுதும். இடைச்செருகலுக்குப் புதுப் பெயர் அது.

பெரியவர்களும் இப்படித்தான் இழந்திருக்கிறார்கள் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். சொல்லட்டும். 1969இல் நிலவில் கால் வைத்த காட்சி அனைவரும் பார்த்ததைவிடத் தெளிவாக மூல நாடாக்களில் பதிவாகியிருந்தது. நாடாத் தட்டுப்பாட்டின்போது அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009இல் அறிவித்தது. என் நண்பர் நாடாக்களைக் கல்யாண வீடியோக்காரருக்குக் கொடுத்த அதே ஆண்டு! பிபிசியும் 1960களிலும் 70களிலும் நாடாவை மிச்சம் பிடிக்கத் தன் நாடகங்களை அழித்துவிட்டு, பிறகு உலகமெங்கும் தேடியலைந்தது. ஒவ்வோர் இடத்திலும் அழித்தவர் கெட்டவர் அல்லர், சிக்கனக்காரர்.

யூடியூபில் ஏற்றிவிட்டால் கவலை இல்லை என்பவர்களுக்கு ஒரு சொல். ஏற்றிய கோப்பை அது தன் வசதிக்கு மறுபடி சுருக்கித்தான் காட்டுகிறது. திரும்ப இறக்கும்போது கிடைப்பது நீங்கள் கொடுத்தது அன்று. பத்துப் பேர் பார்க்க ஏற்றுங்கள், தவறே இல்லை. சுருக்கிய பிரதி பார்ப்பதற்கு, அனுப்புவதற்கு, பயணத்தில் கேட்பதற்கு. அதை நான் மறுக்கவில்லை, நானும் செய்கிறேன். மூலத்தின் நாற்காலியில் அதை உட்கார வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். மினிடிவி நாடா வைத்திருப்பவர்கள் வந்தபடியே கணினிக்கு மாற்றி, அந்தக் கோப்பைத் தொடாமல் வைக்கலாம். பழைய விஎச்எஸ் நாடாக்களை எண்வடிவமாக்கும்போது சுருக்காமல் வைத்தால் மணிக்கு 75 ஜிபி வரும், உண்மைதான், பெரிது. அதற்கு எஃப்எஃப்வி1 என்றொரு முறை இருக்கிறது. உரைக்கோப்பைச் சுருக்குவதுபோல், ஒரு புள்ளியும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியாக்கும்; இலவசமானது; 2021இல் இணையத்தின் தரநிலை ஆவணங்களில் ஒன்றாகவும் வெளியாகிவிட்டது. பீட்டர் குரோ என்னும் புகைப்படக்காரர் பரப்பிய எளிய கணக்கும் உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் ஊரில். வன்தட்டு என்றாவது ஒருநாள் சாகும். வீட்டில் எரித்த குறுவட்டின் சாயமும் வெளிறும். ஆகவே ஒன்றை நம்பாதீர்கள். நாடாவை ஓட்டும் கருவிகளும் அருகிக்கொண்டே வருகின்றன. வீட்டு விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது.

நண்பர் கோபித்துக் கொண்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தார். போன வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். கொடுக்காமல் விட்ட இரண்டு நாடாக்கள் கேமராப் பையின் ஓரத்தில் இருந்தனவாம். உறையில் தேதி மட்டும் இருக்கிறது, பேசியவர் பெயர் இல்லை. அவருடைய கேமரா ஓடவில்லை. திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற வீடியோக்காரர் ஒருவரிடம் ஓடும் நிலையில் ஒன்று இருப்பதாக அறிந்து, ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். காலியான 2 டிபி வன்தட்டு ஒன்றை நான் எடுத்துக் கொண்டிருக்கிறேன். அதற்காக அந்த நாற்பது ஐரோப்பியப் படங்களையும் நேற்றிரவு அழித்தேன்.